கொட்டும் மழையில் ஸ்பிரின்ட் ஓட ரேஸ் வெட் டயர்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மழைக்கென்றே செய்த இந்தப் பந்தய டயரை உங்கள் கிளாஸ் (கார் ஓடும் போட்டிப் பிரிவு) விதி அனுமதித்தால் வாங்கலாம். அதே காசை இன்ஜினில் போட்டுக் கொஞ்சம் பவர் ஏற்றுவதைவிட, மழைநாளில் இது தரும் பலன் அதிகம். பல கார்கள் ஒன்றாகப் பல சுற்று ஓடும் சுற்றுப் பந்தயக்காரர்கள் இந்த டயரைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பாதி, கடிகாரத்தோடு தனியாக ஓடும் ஸ்பிரின்ட்காரர்களான நமக்குப் பொருந்தாது. மீதிப் பாதி நன்றாகவே பொருந்தும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் போட்டுப் பார்த்தது 13 அங்குல ரிம்முக்கான மோல்டட் வெட். அதாவது மொட்டையான ஸ்லிக் டயரில் சூடான பிளேடு வைத்துக் காடி (தண்ணீர் வெளியேறும் பள்ளம்) வெட்டியது அல்ல, அச்சிலேயே காடியோடு வந்தது. செகண்ட் ஹேண்ட் செட். கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இந்த வகை டயர்கள் எல்லாவற்றுக்கும் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், நான் எழுதப்போவதும் அந்தக் குணத்தைப் பற்றித்தான். கார் சின்னது, எடை குறைவு, முன்சக்கரத்தில் ஓடுவது. இதே காரில் செமி ஸ்லிக் (காடி மிகக் குறைவான, காய்ந்த தடத்துக்கான டயர்) போட்டும் மழையில் ஓடியிருக்கிறேன், நல்ல ரோடு டயர் போட்டும் ஓடியிருக்கிறேன், அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

கையில் எடுத்தவுடனே வித்தியாசம் தெரிந்துவிடும். பட்டன், அதாவது காடிகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டி, உயரமாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு பட்டன் மொத்தமாகச் சாயும், ரோடு டயரில் அப்படிச் சாயவே சாயாது. பேடாக்கில் (கார்களை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) பக்கத்துக் காரின் உரிமையாளர் ஒருவர் வந்து தடவிப் பார்த்துவிட்டு "என்னங்க இது, அழிரப்பர் மாதிரி இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த மென்மைதான் இந்த டயரின் பலம், அதுவேதான் பலவீனமும்.

ஸ்பிரின்ட்டில் ஏன் இது இவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், எதிரி கடிகாரம் மட்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, ஒரு சுற்றோ கொஞ்சம் கூடவோ ஓடினால் வேலை முடிந்தது. இந்தக் குறுகிய நேரத்தில் செமி ஸ்லிக்குக்குச் சூடு ஏறாது, காய்ந்த நாளிலேயே முதல் இரண்டு வளைவு வரை அது முரண்டு பிடிக்கும். மழையில் கேட்கவே வேண்டாம், டயரில் பிறக்கிற கொஞ்ச நஞ்சச் சூட்டையும் தண்ணீர் உடனே பறித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் முடிந்து வந்து குனிந்து பார்த்தால், செமி ஸ்லிக்கின் மேல்பரப்பு கழுவிவிட்டது போலப் பளபளவென்று அப்படியே இருக்கும், ரப்பர் வேலையே செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம். வெட் டயரைக் குனிந்து பார்த்தால், பட்டன்களின் ஓரம் லேசாகச் சுரசுரவென்று சிராய்த்திருக்கும், காடிக்குள் பொடி மணல் ஒட்டியிருக்கும். சூடே இல்லாமல் ரப்பர் தரையைப் பிடித்திருக்கிறது.

சுற்றுப் பந்தயக்காரர்கள் சொல்லும் பெரிய புகார் என்ன? தடம் காயத் தொடங்கினால் வெட் டயர் கொதித்துப்போகும், உயரமான பட்டன்கள் நெளிந்து நெளிந்து பிய்ந்துவிடும், டயரைக் குளிரவைக்க நேர்ப்பாதையில் ஈரமான இடமாகத் தேடித் தேடி ஓட்ட வேண்டும். உண்மைதான், டிவியில் எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் நம் ஓட்டம், டயர் கொதிக்கிற கட்டத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை வரிசையில் நிற்பதற்குள் ஆறியும் விடுகிறது. மழை நின்று தடம் பாதி காய்ந்திருந்தபோது இதே செட்டோடு ஓடினேன், ஸ்டியரிங் கொழகொழவென்று இருந்தது, நேரமும் சுமார்தான், ஆனால் டயருக்குச் சொல்லும்படி ஒன்றும் ஆகவில்லை. முழுக்கக் காய்ந்த தடத்தில் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள், அதை எந்த வெட் டயரும் மன்னிக்காது.

இப்போது தேங்கிய தண்ணீர் விஷயம். ஈரமான தடமும் தண்ணீர் நிற்கும் தடமும் இரண்டு வேறு ஆட்டம். ஈரம் மட்டும்தான் என்றால் ரப்பரின் தன்மைதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். தண்ணீர் நின்றால், அதை வெளியேற்றக் காடி இருக்கிறதா, அதற்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபார்முலா 1-க்குப் பிரெல்லி கொடுக்கும் முழு மழை டயர், மணிக்கு 300 கிலோமீட்டரில் ஒரு டயருக்கு நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை அள்ளி வீசும் என்கிறது கம்பெனி, லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயர் 30 லிட்டர். நம் வேகமும் டயரின் அகலமும் அதற்குப் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள், காடியின் ஆழம் எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும். 1975-இல் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் திடீரென்று பேய்மழை கொட்டியபோது, உலகின் சிறந்த ஓட்டுநர்களே ஒருவர் பின் ஒருவராகத் தடத்தைவிட்டு வெளியே போனார்கள், பந்தயத்தை நிறுத்தி எமர்சன் ஃபிட்டிபால்டிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். திறமை இருந்தால் சமாளிக்கலாம் என்று யாராவது பேடாக்கில் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

டயர் எந்த வேகத்தில் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நாசாவின் லாங்லி மையத்தில் 1960-களில் விமான டயர்களை வைத்துச் செய்த சோதனைகளில் இருந்து வந்தது. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-இல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், மிதக்கும் வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும். 25 பிஎஸ்ஐ என்றால் சுமார் 52 மைல், அதாவது 83 கிலோமீட்டர். 36 பிஎஸ்ஐ என்றால் சுமார் 62 மைல், 100 கிலோமீட்டர். காடியால் சமாளிக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு, கார் டயருக்கு அகலம், எடை, காடியின் வடிவம் எல்லாம் சேர்ந்து எண்ணை மாற்றும். ஆனால் கணக்கு காட்டும் திசை சரி. காற்று குறைந்தால் மிதப்பது சீக்கிரம் வரும். மழை என்றவுடன் காற்றை இறக்கிவிட வேண்டும், தரையில் பதியும் பரப்பு கூடும் என்று ஒரு கூட்டம் எப்போதும் சொல்லும். வெறும் ஈரத்துக்கு அதை வைத்து வாதாடலாம். தண்ணீர் நிற்கும் தடத்தில் காற்றை இறக்கினால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, காடிகள் ஒடுங்கி, தண்ணீர் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நான் கொட்டும் மழையில் 2 பிஎஸ்ஐ கூட்டித்தான் ஓடுகிறேன். இன்னொன்று, நம் ஓட்டத்தில் டயர் சூடாகி அழுத்தம் ஏறப்போவதில்லை, அதனால் கிளம்பும்போது வைக்கிற அளவேதான் கடைசி வளைவிலும் இருக்கும். சுற்றுப் பந்தயக்காரர் கொடுக்கும் கிளம்பும் அளவை அப்படியே காப்பி அடித்தால் குறைவாகத்தான் முடியும், அவர் சூடேறிய பிறகு வரும் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, காரில் மாட்டி ஓடும்போது எப்படி இருக்கிறது? பிரேக்கில்தான் முதலில் ஆச்சரியம். செமி ஸ்லிக்கில் பெடலைத் தொட்டாலே முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடத்தில், இதில் அழுத்தி, இன்னும் கொஞ்சம் அழுத்தி, பிறகும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. அடுத்தது, பிடி விடப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. பட்டன்கள் சாய்வது ஸ்டியரிங்கில் தெரியும், ஒரு சோம்பலான தள்ளாட்டம் வரும், அது வந்த பிறகும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். செமி ஸ்லிக் அப்படி எச்சரிக்கையெல்லாம் கொடுக்காது, இருக்கிறது இருக்கிறது என்று நினைக்கும்போதே இல்லை. இந்தத் தள்ளாட்டம் பழகாதவருக்கு முதலில் பயமாகத்தான் இருக்கும், ஏதோ வீல் நட் லூஸ் என்றே தோன்றும். பழகிவிட்டால் அதுவே தைரியம்.

ஆனால் டயர் செய்யாத வேலையும் நிறைய இருக்கிறது. காய்ந்த நாளில் எல்லாரும் ஓட்டும் ரேசிங் லைனில் ரப்பர் படிந்து படிந்து மெழுகிவிட்டது போல் இருக்கும், மழை பட்டால் அந்த லைன்தான் தடத்திலேயே வழுக்கலான இடம். ஏபெக்ஸை (வளைவின் உள்விளிம்பு) விட்டுக் கொஞ்சம் வெளியே, கரடுமுரடான தாரில் ஓட்ட வேண்டும். பெயிண்ட் அடித்த தட ஓரத்துக் கெர்ப், வெள்ளைக்கோடு, இதன்மேல் சக்கரம் ஏறினால் வெட் டயரும் கைவிடும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்பதைப் பயிற்சி ஓட்டத்திலேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள், நடந்து பார்க்க விட்டால் நடந்தே பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் குட்டை இடம்கூட மாறும்.

கிளம்புவதில் நமக்கு ஒரு வசதி. பெரும்பாலான ஸ்பிரின்ட்களில் பச்சை விளக்கு எரிந்தவுடனே பாய வேண்டியதில்லை. கார் முன்னேறி ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், நீங்கள் யோசித்த நேரம் கணக்கில் வராது. அதனால் பச்சை வந்த பிறகும் நிதானமாக மூச்சுவிட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, சக்கரம் சும்மா சுற்றாமல் கிளம்பலாம். முதல் கியரில் சுற்றிக்கொண்டே நின்றால் சீக்கிரமாக இரண்டாவதுக்கு மாறிவிடுங்கள். வெட் டயர் இருக்கிறதே என்று காய்ந்த நாள் போல ஆர்பிஎம் ஏற்றிக் கிளட்ச்சை விட்டவர்கள், இருந்த இடத்திலேயே தண்ணீர் பீச்சிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி மூடாக்குப் போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் முதல் வளைவே தெரியவில்லை என்றால் என்ன பயன். நமக்கு முன்னால் இன்னொரு கார் தண்ணீர் வாரி அடிப்பதில்லை, அந்த மட்டில் பிழைத்தோம். உள்ளே இருந்து வருவதுதான் தொல்லை. நனைந்த ஓவரால், ஹெல்மெட்டுக்குள் மூச்சு, வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பது, எல்லாம் சேர்ந்து முன்கண்ணாடி பால் வெள்ளையாகிவிடும். எடை குறைக்கிறேன் என்று ஹீட்டரைக் கழற்றி வீசியவர்கள் அன்றைக்குத்தான் அதை நினைத்து வருந்துவார்கள். ஏசி இருந்தால் போடுங்கள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒரு நிமிஷ ஓட்டத்துக்கு அது தின்கிற பவரை மழையில் எப்படியும் தரையில் இறக்க முடியாது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு தொட்டுக் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லப் பூசி, காய்ந்த துணியால் தேய்த்துவிட்டால் நீண்ட நேரம் தாங்கும். ஹெல்மெட் வைசரைக் கிளம்பும் வரை ஒரு விரல் திறந்து வையுங்கள். இன்னொன்று, காரில் ஏறியதும் ஷூ அடிப்பாகத்தைத் துடைக்காமல் பெடலில் கால் வைக்காதீர்கள். பேடாக்கின் சேறு ஒட்டிய ஷூ பிரேக்கில் இருந்து நழுவினால் அதற்கும் டயர் பொறுப்பல்ல. பிளாஸ்டிக் பையைக் ஷூமேல் கட்டிக்கொண்டு நடந்து வந்து, ஏறும்போது கழற்றிப் போடுவதுதான் சுலபமான வழி, பார்க்கக் கேவலமாக இருக்கும், பரவாயில்லை.

இனி குறைகள். முதல் குறை, தனி ரிம் செட் இல்லாமல் இந்த டயருக்கு அர்த்தமே இல்லை. வானத்தைப் பார்த்து டயரைக் கழற்றி மாட்ட எந்தக் கடையும் தடத்தில் காத்திருக்காது, ஆக டயர் விலையோடு நாலு ரிம் விலையையும் சேர்த்தே பாருங்கள். அப்புறம் அந்த நாலு சக்கரத்தையும் எடுத்துவர வேண்டும், காரிலேயே ஓட்டி வருகிறவருக்குப் பின்சீட்டும் டிக்கியும் போய்விடும். இந்த டயரை மாட்டிக்கொண்டே ரோட்டில் வர முடியாது, பொதுச் சாலைக்கு அனுமதி இல்லாத டயர், இருந்தாலும் வந்து சேருவதற்குள் பாதி தேய்ந்துவிடும். மழையில் சக்கரம் மாற்றுவது சுகமான வேலை இல்லை. புல்தரையில் ஜாக்கி போட்டால் கார் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும், அடியில் வைக்கக் கனமான பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரென்ச் எடுத்துவர மறக்காதீர்கள், குளிரில் விறைத்த கை இறுக்கியதாகச் சொல்வதை நம்பக்கூடாது.

இரண்டாவது, மாட்டிக் கொடுத்தவர்கள் செய்த வேலை. இந்த டயர்களில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், காடிகள் அந்தத் திசையில்தான் தண்ணீரை வெளியே தள்ளும். நான் கொடுத்த கடையில் ஒரு டயரைத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி கொண்டுபோனபோது "ஓடும் சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில். ஓடும்தான், தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். சண்டை போட்டுத்தான் மாற்ற வேண்டியிருந்தது. வாங்கி வந்ததும் நாலையும் சுவரில் சாய்த்து, இடம் வலம் எழுதி ஒட்டி, அம்புக்குறியைச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, விதி. ரோடு கார் கிளாஸ் என்றால் பல இடங்களில் சாலை அனுமதி உள்ள டயர்தான் போட வேண்டும், அங்கே இதை மாட்டினால் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த கிளாஸ்காரர்களுக்கு என் யோசனை, செமி ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு மழைக்குப் பேர்போன நல்ல ரோடு டயர் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். புதிதில் சுமார் 8 மில்லிமீட்டர் காடி இருக்கும், சிலிக்கா கலந்த ரப்பர் என்பதால் குளிரிலும் பிடிக்கும். காய்ந்த தடத்தில் செமி ஸ்லிக்கின் பின்புறத்தைக்கூடப் பார்க்க முடியாத அந்த டயர், அடைமழையில் அதைத் தாராளமாக முந்தும், என் காரில் அப்படித்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிக்கு ஏ தரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அந்தத் தரம், மெல்லிய நீர்ப்படலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் இருந்து 20-க்குப் பிரேக் பிடிப்பதை வைத்துக் கொடுப்பது. தேங்கிய தண்ணீரில் எப்போது மிதக்கும் என்பதை அது சொல்லாது, அதற்குப் பத்திரிகைகள் தனியாகச் செய்யும் அக்வாபிளேனிங் சோதனையைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

காரின் மற்ற செட்டிங் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சஸ்பென்ஷன் இளக்கமாக, முடிந்தால் ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) கழற்றிவிட்டு, பிரேக் பயாஸ் (முன்பிரேக், பின்பிரேக் பங்கீடு) கொஞ்சம் பின்னுக்கு. மழையில் எடை முன்னால் சாய்வது குறைவு, அதனால் பின்பிரேக் இன்னும் கொஞ்சம் வேலை செய்யலாம். இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் டயரையும் காற்றையும் மட்டும் பாருங்கள், லாபத்தில் பெரும்பங்கு அங்கேதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் பட்டன் உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. சுற்றுப் பந்தயக்காரர்கள் ஒருமுறை ஓடிவிட்டு விற்கும் செட்டில் உயரம் நிறைய இருக்கும், ஆனால் உள்பக்கத் தோளில் (டயரின் ஓரத்தில்) சூட்டில் பிய்ந்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வயசு இன்னும் முக்கியம், ரப்பர் சும்மா இருந்தாலே இறுகும். தேதி அச்சிட்டிருந்தால் நாலு இலக்கத்தில் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ரேஸ் டயர் பலவற்றில் அதுவும் இருக்காது. அதனால் ரப்பர் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள், நாலு டயரிலும் குத்திப் பாருங்கள், சாதாரண ரோடு டயர் காட்டும் எண்ணையே இதுவும் காட்டினால் அது வெட் டயர் இல்லை, வெறும் காடி போட்ட ரப்பர். விற்பவர் மீட்டரைப் பார்த்து முகம் சுளித்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம்.

வாங்கிய பிறகு, கழுவிக் காயவைத்து, கறுப்புப் பையில் சுற்றி, வெயில் படாத இடத்தில், மோட்டாரோ வெல்டிங் மெஷினோ ஓடாத அறையில் வையுங்கள். அவற்றில் இருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைத்துவிடும்.